சாப்பிட்ட பிறகு சொல்லும் செய்தி

என் இயற்பியல் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் "அதே கணத்தில்" என்று எழுதியிருந்தேன். வழிகாட்டி அதைச் சிவப்பு மையில் சுழித்து, "யாருடைய கணம்?" என்று ஓரத்தில் கேட்டிருந்தார். இலுப்பூர் வீட்டில் உட்கார்ந்து, அவரை மனதுக்குள் திட்டியபடியே திருத்திக்கொண்டிருந்தேன். மதியம் பன்னிரண்டரை இருக்கும். கணவரின் சித்தப்பா வந்தார்.

"சாப்பிட்டியாம்மா?"

"இன்னும் இல்ல மாமா. வாங்க, உக்காருங்க."

"மொதல்ல நீ சாப்பிடு. அப்பறம் பேசிக்கலாம்."

நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். எங்கள் பக்கம் சாவுச் செய்தியை வெறும் வயிற்றில் சொல்ல மாட்டார்கள். கேட்டபின் சோற்றைத் தொட மாட்டாள் என்று, நாலு வாய் உள்ளே போன பிறகுதான் பேச்சை எடுப்பார்கள். என் கணவர் வளைகுடாவில் லாரி ஓட்டுகிறார். காலையிலிருந்து போனை எடுக்கவில்லை.

"நான் சாப்பிட மாட்டேன். சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "லாரி கவுந்துருச்சாம்மா. ரெண்டு பேரு இருந்திருக்காங்க. ஒருத்தர் போயிட்டாராம், ஒருத்தர் ஆஸ்பத்திரியில. யாரு எவருன்னு அங்கிட்டு இன்னும் சொல்ல மாட்டேங்குறாங்க."

கூட இருந்தவர் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் பெண்ணின் கணவர். என் கணவர்தான் விசா ஏற்பாடு செய்து அழைத்துப்போனார்.

ஐந்து வருடமாக ஆய்வில் நான் மண்டையை உடைத்துக்கொள்வதும் இப்படி ஒரு விஷயத்தில்தான். பிணைந்த இரண்டு துகள்களில் ஒன்றின் நிலை முடிவானால், எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மற்றதும் முடிவாகிவிடுகிறது. இப்படி முடிவாவதைச் சரிவு என்போம்; அது எங்கும் ஒரே கணத்தில் நடப்பதாக எழுதுவது வழக்கம். ஆனால் எல்லோருக்கும் பொதுவான கணம் என்று ஒன்று கிடையாது என்கிறது சார்பியல் கோட்பாடு. இரண்டையும் சண்டையில்லாமல் ஒரே சமன்பாட்டில் உட்காரவைப்பதுதான் என் வேலை.

அன்று அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை. அங்கே நடந்தது நடந்து முடிந்துவிட்டது, நான் கேட்பதால் எதுவும் மாறாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், மாமா சோறு போட்டு வைத்த தட்டில் கை வைக்கப் பயந்தேன். நான் சாப்பிடாத வரை அவர் இருக்கிறார் என்று நம்பினேன். சாமி, அவராக இருக்கக் கூடாது என்று வேண்டினேன். அப்படியென்றால் யாராக இருக்க வேண்டும் என்று உறைத்தது. வேண்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

இரண்டு மணிக்குப் போன் அடித்தது. மாமா அதைத் தொடாமல் என்னைப் பார்த்தார். நான் எடுத்தேன்.

"நான்தான். கையில அடி, அம்புட்டுதான்" என்றார் என் கணவர். பிறகு அழுதார். "அவன் போயிட்டான். அவன் வீட்டுக்கு இன்னும் யாரும் சொல்லல. நீ போ. மொதல்ல அந்தப் புள்ளைய சாப்பிட வையி."

மூன்று வீடுதான். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கத் தெரியாமல் முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டே நடந்தேன். அவள் வாசல் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா! எழுதுறதெல்லாம் முடிஞ்சுதா?"

"சாப்பிட்டியா?" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. ஈரத்துணியை மார்போடு பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

"எனக்குப் பசிக்கலக்கா" என்றாள்.