பட்டாசு கேட்ட இரண்டு டீ

வெல்டிங் பட்டறையில் அவருக்குப் பெயர் பட்டாசு. நெருப்போடு வேலை பார்ப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அதெல்லாம் இல்லை, மூக்குக்கு மேல் கோபம். "கொஞ்சம் கோணலா இருக்கே" என்று ஒருவர் சொன்னதற்காக, செய்து முடித்த இரும்புக் கதவை அவர் கண்ணெதிரிலேயே இரண்டாக அறுத்துப் போட்டவர். மறுநாள் கூலி வாங்காமல் புதுக்கதவு செய்து கொடுத்தவரும் அவர்தான்.

கடைத்தெரு முனையில் ஒரு டீக்கடை. மேசை நாற்காலியெல்லாம் மற்றவர்களுக்கு. பட்டாசின் தெரு ஆட்களுக்குப் பின்பக்க ஜன்னல் வழியே பேப்பர் கப்பில்தான் டீ. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, வழக்கம் அப்படி. இனி முன்வாசல் வழியே போய் உட்கார்ந்து, கொடுக்கும்வரை தினமும் கேட்பது என்று தெருச் சங்கம் முடிவு செய்தது. கை ஓங்கக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது. பட்டாசும் பெயர் கொடுத்தார். கூட்டத்தில் ஒரே சிரிப்பு.

சங்கச் செயலாளர் அவருடைய கொழுந்தியாள்தான், ஆஸ்பத்திரியில் நர்ஸ். "மாமா, நீங்க ஒரே ஒரு அடி அடிச்சா போதும். நாம கேட்டதை மறந்துட்டு ஊரே அந்த அடியைத்தான் பேசும். கடைக்காரர் அதுக்குத்தான் காத்துட்டிருக்கார்."

"அடிக்க மாட்டேன்னு சொல்றேன்ல!" என்று மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார் பட்டாசு.

ஆகவே வீட்டிலேயே பயிற்சி. சாப்பாட்டு மேசைதான் டீக்கடை, கொழுந்தியாள்தான் கடைக்காரர். மாமாவைத் திட்ட இப்படியொரு வாய்ப்பு அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

"யோவ், எழுந்திருய்யா! துருப்பிடிச்ச தகரம் மாதிரி ஒரு மூஞ்சி, இதுக்கு நாற்காலி ஒரு கேடா?"

"அவர் குறட்டையை மறந்துட்டியேடி, அதையும் சேத்துக்க!" என்று அடுக்களையிலிருந்து மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

முதலில் துள்ளிக் குதித்தவர், பிறகு பல்லைக் கடித்தார், கடைசியில் சிரிக்கவே தொடங்கிவிட்டார். ஆனால் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. "இதெல்லாம் வாங்கிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கறதுக்கு என்ன பேரு? பொறுமையா, பயமா?"

கொழுந்தியாள் கடைக்காரர் வேஷத்தைக் கலைத்தாள். "எனக்கும் சரியாத் தெரியல மாமா. பயமாவும்தான் இருக்கு. ஆனா அந்த ஜன்னலுக்கு இனிமே என்னால போக முடியாது."

முதல் நாள் முறை இவர்களுடையது. இருவரும் முன்வாசல் வழியே போய் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். கடைக்காரர் பட்டாசின் தெருவைத் திட்டினார், செத்துப்போன அப்பாவைத் திட்டினார். பட்டாசு அசையவில்லை. வீட்டில் வாங்கியதில் இது பாதிகூட இல்லை.

கடைக்காரர் அவரை விட்டுவிட்டு, கிளாஸ் கழுவுகிற வாளியைத் தூக்கி, அப்படியே கொழுந்தியாளின் தலையில் கவிழ்த்தார்.

இதற்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. திட்டுவது அவரை, பொறுப்பது அவர் என்றுதான் ஒத்திகை நடந்திருந்தது. அவள்மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை. பட்டாசு எழுந்தேவிட்டார். தகராறு வருமென்று வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் திரும்பினார்.

"மாமா..."

கட்டளை இல்லை, அதட்டல் இல்லை. அவள் குரல் நடுங்கியது. டீத்தூள் கன்னத்தில் வழிய, முகத்தைக்கூடத் துடைக்காமல் அவரையே பார்த்தாள்.

பட்டாசு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய், அவளோடு தோள் உரச உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் எல்லாரும் பார்க்கும்படி மேசைமேல் விரித்து வைத்தார்.

"அண்ணே, ரெண்டு டீ."

"டீயும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

"சரிண்ணே. இருக்கோம்."

ஷட்டரை இறக்கும்வரை இருந்தார்கள். திரும்பி நடக்கையில், புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டே அவள் சொன்னாள்: "நாளைக்கு ஒரு துண்டு எடுத்துட்டு வரணும் மாமா."

"ரெண்டா எடுத்துட்டு வா. நாளைக்கு வாளிப் பக்கம் நான் உக்காந்துக்கறேன்."