மந்திரித்த கரண்டி

மேசன் வேலை பார்க்கும் கபிரியேல் பாஸ் பூசிய சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று மஹய்யாவையில் சொல்வார்கள். அப்படி விழுந்த ஈயை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் கண்டியில் நல்ல சுண்ணாம்புப் பூச்சு வேண்டுமென்றால் அவரைக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் சின்னமுத்துவை.

1934இல் இருவரையுமே யாரும் கூப்பிடவில்லை. தேயிலை விலை விழுந்ததிலிருந்து வீடு கட்டும் ஆசை ஊரில் எல்லோருக்கும் ஒன்றாகத் தீர்ந்துபோயிருந்தது. இன்னும் ஒரு மாதம் வேலை இல்லாவிட்டால் வத்தேகமைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், மனைவி ஐரினின் அண்ணன் வீட்டில் போய் ஒதுங்க வேண்டும். "இனி இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டேன்" என்று மச்சான் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இறங்கிவந்த அதே லயம்.

அந்த நேரத்தில்தான் துரைமார் நடனமாடுவதற்கென்று கண்டி வாவிக்கு மேலே மேட்டில் ஒரு மண்டபம் எழும்பியது. எந்த விலை விழுந்தாலும் துரைமாரின் கால் நிற்பதில்லை. மார்ச் இருபத்தோராம் தேதி இருவரும் ஆளுக்கொரு சுவர் பூச வேண்டும், கண்ணாடி மாதிரிப் பூசுகிறவனுக்குக் கட்டடக் கம்பனியில் நிரந்தர வேலை என்றார் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் டக்ளஸ்.

"பழைய தகரத்தோட வர்றவன் கேற்றோட திரும்பிரலாம். சீமைக் கரண்டி வேணும்."

கபிரியேலின் பூச்சுக் கரண்டிக்குப் பன்னிரண்டு வயது. மூலைகள் மழுங்கி, நடுவில் லேசாகத் தொப்பை விழுந்திருந்தது. பூச்சு வேலையில் அந்த மழுக்கல்தான் சொத்து. புதுக் கரண்டியின் கூர்மூலை ஈரச் சுண்ணாம்பில் கோடு இழுக்கும். இதெல்லாம் தெரிந்தும் ஐரினின் தோட்டைக் கொடுத்து அவர் சீமைக் கரண்டி வாங்கினார்.

கோயிலில் சங்கிலித்தாம் வேலை பார்க்கும் பற்றிக், அதை வாங்கித் தட்டிப் பார்த்தான். பீடத்துக்கு மெழுகுதிரி ஏற்றுகிற அவனுக்கு எல்லாத் தொழிலிலும் அபிப்பிராயம் உண்டு.

"அண்ணே, இது சூசையப்பர் பாதத்துல இருக்கட்டும். பத்தொன்பதாந் தேதி திருநாள் பூசையில சுவாமியார் மந்திரிச்சுத் தருவாரு. சூசையப்பரும் தச்சருதானே, தொழில் கஷ்டம் தெரியாதா? பழசைக் காணிக்கையா வச்சிருங்க, இன்னும் விசேஷம்."

வைத்தார். ஆக, தேய வேண்டிய நாளெல்லாம் புதுக் கரண்டி பூவுக்கு நடுவில் படுத்திருந்தது. திருநாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஐரின் அதன் மூலையில் விரலை வைத்து, "ஆத்தாடி" என்று கையை உதறினாள்.

"ஏங்க, கல்லுல ரெண்டு தேய் தேய்ச்சாத்தான் என்ன?"

"மந்திரிச்ச பொருளைக் கல்லுல தேய்க்கிறதா? விளங்கிரும்!"

"சூசையப்பரு உளி தீட்டுனதே இல்லையாக்கும்?"

கபிரியேல் சிலுவை போட்டுக்கொண்டார்.

இருபத்தோராம் தேதி வாசலில் இருவரும் பளபளவென்று கரண்டியைக் காட்டினார்கள். டக்ளஸ் தலையாட்டினார். உள்ளே போனதும் சின்னமுத்து புதியதைச் சாக்கில் செருகிவிட்டு இடுப்பிலிருந்து கறுத்த, மழுங்கிய ஒன்றை எடுத்தான்.

"அடேய், அது என்னடா?"

"காட்ட ஒண்ணு, பூச ஒண்ணு, பாஸ். காட்டுனது இரவல்."

"நீயுந்தானே ஆயுத பூசைக்குக் கரண்டியைச் சாமிகிட்ட வைக்கிற?"

"வைப்பேன். மறுநாள் எடுத்துருவேன். சுவரு பூச நான்தானே வரணும்?"

மத்தியானம் வரை கபிரியேல் மூச்சுப் பிடித்துப் பூசினார். ஒரு கோட்டை அழிக்கப் போனால் பக்கத்தில் இரண்டு விழுந்தன. அந்த இரண்டைச் சரிசெய்வதற்குள் சுண்ணாம்பு இறுகிவிட்டது. டக்ளஸ் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, அரிக்கேன் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். சின்னமுத்துவின் சுவரில் வெளிச்சம் பாலாக வழிந்தது. கபிரியேலின் சுவரில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல் எழுந்து நின்றது.

"என்ன பாஸ், நெல்லு விதைக்கிற யோசனையா?" என்றார் டக்ளஸ். எல்லோரும் சிரித்தார்கள். சின்னமுத்து மட்டும் குனிந்து கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கபிரியேல் நேரே கோயிலுக்குப் போனார்.

"பழசைக் குடு, பற்றிக்."

"காணிக்கையைத் திருப்பிக் கேக்கிறதா? நான் குடுத்தா என் வேலை போயிரும் அண்ணே."

சூசையப்பர் மாடத்தில் போன மழைக்கு உதிர்ந்த இடம் புதிதாகப் பூசியிருந்தது. கபிரியேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். கை எங்குமே தடங்கவில்லை.

"இது யாரு பூசினது?"

"நான்தாண்ணே. கரண்டி பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. உங்களுது தானாப் போகுது."

அந்த மாதம் முடிய அறையைக் காலி செய்தார்கள். வத்தேகமையில் மச்சான் பழைய பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் கபிரியேலுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மூட்டையை அவிழ்த்தபோது வெளியே விழுந்த கரண்டியை மச்சான் எடுத்து, வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல இரும்புதான், மாப்ள. ஆனா நம்ம லயத்துச் சுவருக்குச் சாணிதானே. கையே போதும்."