ஏழு தடவை கழுவிய மணல்

போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு நடந்தது இது. நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்துக்கு நான் பொறுப்பு. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் பதினெட்டுப் பேர் வந்து இறங்கிவிடுவார்கள். பதினேழு பேர் விளையாடுவார்கள், சண்டை போடுவார்கள், தூங்குவார்கள். ஒருத்தி மட்டும் அழுவாள்.

அவளுக்கு இரண்டரை வயது. ஒன்பதரை மணித் தேத்தண்ணி நேரத்துக்குத் தாய் வந்து முகத்தைக் காட்டினால் அழுகை நிற்கும். தாய் முதுகைத் திருப்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். பாட்டு, பொம்மை, பிஸ்கட் எதற்கும் மசிய மாட்டாள். அவளுடைய அம்மா இறம்பொடைப் பக்கமிருந்து இங்கே கட்டி வந்தவள்; கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பெண். வேலைக்குப் பேர் பதிந்தே நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் வாசலில் நின்று, "இந்த மாசம் பாத்துட்டு வேலைய விட்டுடப் போறேங்க டீச்சர். இவ அழுகுற சத்தம் கீழ் மலை வரைக்கும் கேக்குது, கை ஓட மாட்டேங்குது" என்றாள். வேலையை விட அவளுக்குத் துளியும் மனசில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். ஹட்டனில் மருந்துக் கடையில் ஒரு மீன் தொட்டி இருக்கிறதாம். அதற்கு முன்னால் இந்தப் பிள்ளை அரை மணி நேரம் சத்தமே இல்லாமல் நின்றாளாம்.

அவ்வளவுதான், எனக்குப் பொறி தட்டிவிட்டது. எனக்கு ஒரு யோசனை வந்தால் என்னைப் பிடிக்க முடியாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பெரிய பங்களாவில் ஒரு கண்ணாடித் தொட்டி சும்மா கிடப்பது எனக்குத் தெரியும். அங்கே இருக்கும் தோட்டத்து மேனேஜர் தொரையைப் பார்த்துக் கேட்டேன், எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை பஸ் ஏறி ஹட்டனில் உள்ள மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம்; அண்ணன் என்ற முறையில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் குளிருக்குத் தங்க மீன்தான் நிற்கும், ஆறுக்கு மேல் வேண்டாம், ஒரு வாரம் தொட்டியில் தண்ணீரை நிறுத்தி, காற்றடிக்கும் மோட்டாரை ஓட விட்டுப் பிறகு மீனை விடுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். ஆற்று மணல் போடுவதானால் ஏழு தடவை கழுவச் சொன்னார்.

ஏழு என்றால் ஏழு. ஒருநாள் பின்னேரம் மடுவத்து உதவியாளரும் நானும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கழுவினோம். நாலாவது தடவையிலேயே விரல்கள் மரத்துப் போயின. போதும் டீச்சர் என்று அவர் கெஞ்சினார். நான் விடவில்லை. ஏழாவது தடவை ஊற்றிய தண்ணீரைக் குடிக்கலாம் போல இருந்தது. அந்தப் பெருமையை நான் பெரட்டுக்களம் வரைக்கும் கொண்டுபோனேன். காலையில் பேர் பதிய வரும் பெண்களிடமெல்லாம் ஏழு தடவை, ஏழு தடவை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொட்டிக்கு அழகாக வீட்டுக்கு ஒரு கல் கொண்டுவாருங்கள் என்று தாய்மாரிடம் கேட்டேன். கூழாங்கல், வெள்ளைக் கல், வரி விழுந்த கல் என்று தினம் ஒன்று வந்தது. அந்த இறம்பொடைப் பெண் முட்டை அளவுக்கு ஒரு கறுப்புக் கல்லைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தாள். அவள் பிறந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஓடையில் எடுத்ததாம். கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்து சாமித் தட்டில் வைத்திருந்தாளாம். தேய்த்துக் கழுவியும் கல்லின் ஒரு வெடிப்பில் மட்டும் மஞ்சள் ஒட்டியிருந்தது. அதை மகளின் கையில் கொடுத்து, "அம்மா மலையில இருக்கப்போ இதைப் பாத்துக்க" என்றாள். சின்னவள் அதைத் தானே தொட்டியில் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து, புதன்கிழமை மீன்கள் வந்தன. ஆறு தங்க மீன்கள். பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, அரை மணி நேரம் கழித்து மெதுவாகத் திறந்துவிட்டேன். பதினெட்டுப் பிள்ளைகளும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அன்று சின்னவள் மதியம் வரைக்கும் அழவில்லை. மறுநாள் அழவே இல்லை. தேத்தண்ணி நேரத்துக்கு வந்த தாய், மகள் தன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காததைக் கண்டு வாசலிலேயே நின்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கதவைத் திறந்தேன். ஆறு மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. செவுள் ஓரமெல்லாம் சிவந்திருந்தது. 

அந்த நேரம் பார்த்துத் தாய்மார் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள். யாரோ, என்ன ஆச்சு டீச்சர் என்று கேட்டார்கள். என் கண் தொட்டியைத் துழாவியது. அந்தக் கறுப்புக் கல்லும் அதன் வெடிப்பில் மஞ்சளும் கண்ணில் பட்டன. யோசிக்கவே இல்லை. கையை விட்டுக் கல்லை எடுத்தேன். "மஞ்சளும் குங்குமமும் பூசுன கல்லைக் கொண்டாந்து போட்டா மீன் எப்படிம்மா பொழைக்கும்? ஏழு தடவ கழுவி நான் மணல் போடுறேன், நீங்க சாமிக்கல்லைக் கொண்டு வர்றீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் கத்தினேன்.  அவள் கல்லை வாங்கி மடியில் முடிந்துகொண்டு மலைக்குப் போய்விட்டாள். மகள் கல்லும் போய், தாயும் போய், மீனும் சாய்ந்து கிடப்பதைப் பார்த்துத் தொடங்கிய அழுகை இருக்கிறதே, நாலு மாதத்தில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே மீன் கடை நானாவுக்குப் போன் போட்டேன். மஞ்சள் கல் கதையைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவ்வளவு மஞ்சளுக்கு ஒன்றும் ஆகாது என்றார். தண்ணீர் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். பீலித் தண்ணீர், மலை ஊற்று என்றேன். நல்லது என்றார். மணல் கழுவினீர்களா என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏழு தடவை என்றேன்.

"சரி மிஸ். கழுவின மணலை எதுல அள்ளிக்கிட்டுப் போனீங்க?"

 தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரம். உரச் சாக்குதான் எங்களுக்கு எல்லாம். விறகுக்கும் அதுதான், கிழங்குக்கும் அதுதான், மழைக்குத் தலையில் கவிழ்ப்பதும் அதுதான். ஏழு தடவை கழுவிய மணலையும் நான் அதில்தான் அள்ளிக் கட்டி, ராத்திரி முழுக்க ஈரத்தோடு மடுவத்து மூலையில் வைத்திருந்தேன். போனைக் கீழே வைக்காமலே போய் அந்தச் சாக்கை உதறினேன். அடித் தையலிலிருந்து, மணலில் கரைந்தது போக மிச்சமிருந்த யூரியா வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்காகவே சொல்லி வைத்த பழமொழி.

நானா என்னைத் திட்டவில்லை. மணல் முழுவதையும் எடுத்துவிடுங்கள், பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள், ஆனால் அந்தக் குளிர்ந்த தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீன் அதிர்ச்சியிலேயே செத்துவிடும், தொட்டியில் இருக்கும் சூட்டுக்கே புதுத் தண்ணீரும் இருக்க வேண்டும் என்றார். அடுத்த பஸ்ஸில் ஒரு பொருள் அனுப்புகிறேன், பாதையில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மடுவத்தில் இருந்தது பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சும் ஒரே ஒரு அடுப்பு. தை மாதத்துக் காலைத் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வலிக்கும். முதல் கேத்தல் தண்ணீரே சூடேற மறுத்தது.

ஒன்பதரைக்குத் தாய்மார் இறங்கி வந்தார்கள். சொல்லாமல் மழுப்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தது உண்மை. ஆனால் அந்தப் பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டியது நான். சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். "தப்பு கல்லுல இல்ல. ஒர சாக்குல மணலைக் கொண்டாந்தது நான்தான். என்னய மன்னிச்சிரும்மா" என்றேன். 

யாரோ ஒருத்தி, "ஏழு தடவ கழுவுனீங்களே டீச்சர், சாக்கை ஒரு தடவ கழுவக்கூடாதா" என்றாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அழுதுகொண்டே. அந்த இறம்பொடைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள்.

"வெந்நி எவ்வளவு வேணுங்க டீச்சர்?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் லயத்து வீடுகள் பக்கம் ஓடினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள்.

பத்து நிமிடத்தில் வந்த கேத்தல்களையும் பிளாஸ்குகளையும் நான் எண்ணவில்லை. தங்கள் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீரை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நாலு பேர் மணலை அள்ளினார்கள். கொழுந்து பறித்துப் பழகிய விரல்கள் ஒரு மீனின் மேலும் படவில்லை; கண் மூடித் திறப்பதற்குள் அடிக்கண்ணாடி தெரிந்தது. அந்த இறம்பொடைப் பெண் வாளியில் குளிர்ந்த தண்ணீரையும் வெந்நீரையும் கலந்து, முழங்கையை விட்டுப் பார்த்துப் பார்த்து எனக்குக் கொடுத்தாள். "பச்சப்புள்ளைக்கு ஊத்துற சூட்ட விடக் கொறைவா இருக்கணும், அப்படித்தானே" என்றாள். அப்படித்தான் என்றேன். அவளை விடவா எனக்குத் தெரியும்.

கங்காணி தேடிக்கொண்டு வந்தார். "மலையில ஒரு ஆளக் காணோமேன்னு பாத்தா, இங்க மீனுக்கு வெந்நி வக்கிறீங்களா?" என்று சத்தம் போட்டார். பிறகு தொட்டியைக் குனிந்து பார்த்தார். கொழுந்து நிறுப்பதைக் கால் மணி நேரம் தள்ளி வைக்கிறேன், அதற்குள் முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் நான் பாதைக்கு இறங்கினேன். ஹட்டன் பஸ் நின்றது. சிங்களக் கண்டக்டர் ஒரு பையை வழி முழுக்க மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "மிஸ், மாளு பெஹெத்" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார், மீனுக்கு மருந்து. உள்ளே, தொட்டித் தண்ணீரை வடிகட்டும் பஞ்சு ஒன்று, அழுக்கோடு தண்ணீரில் ஊறிக் கிடந்தது. நானா தன் கடைத் தொட்டியிலிருந்தே கழற்றி அனுப்பியிருந்தார். போனில் கேட்டேன். அப்படியே தொட்டிக்குள் போடுங்கள், கழுவிவிடாதீர்கள் மிஸ், அந்த அழுக்கில் உள்ள நல்ல கிருமிதான் மருந்து என்றார். என்னை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்.

சாய்ந்து கிடந்த மீனைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற ஐந்தும் பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் கீழே இறங்கி நீந்தத் தொடங்கின. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வேலை முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்தவளிடம் இரண்டு கையையும் நீட்டி அந்தக் கல்லைக் கேட்டேன். "வேணாங்க டீச்சர், மறுபடி ஏதும் ஆயிட்டா?" என்று தயங்கினாள். கல் இல்லாமல் தொட்டி நிறைவாக இல்லை என்றேன். நாள் முழுக்க மலையில் மடியில் சுமந்த கல்லை அவிழ்த்துக் கொடுத்தாள். சின்னவள் தோள் வரைக்கும் நனைய அதைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் அழவில்லை. வந்ததும் கண்ணாடிக்குப் போய்க் கல் இருக்கும் இடத்தில் கையை வைப்பாள், பிறகு விளையாடப் போய்விடுவாள். அவளுடைய அம்மா வேலையை விடவில்லை; இப்போது எங்கள் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் நாளில் சூடு பார்க்கும் முழங்கை அவளுடையதுதான். நான் அந்தச் சாக்கைத் தூக்கி எறியவில்லை. மடித்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன். யாரையாவது குறை சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம், இன்றும் அதுதான் என்னைத் தடுத்து நிறுத்தி, என் கையில் இருக்கும் சாக்கை முதலில் உதறிப் பார்க்க வைக்கிறது.