ஹெட்செட்டை மறுத்த பதினொன்றாம் வகுப்பு

அந்தப் பத்து வி.ஆர். ஹெட்செட்டுகளைக் கேட்டு நான் கல்வித் துறைக்கு மூன்று முறை மனு எழுதினேன். கண்ணில் மாட்டிக்கொண்டால் மனித இதயத்துக்குள்ளேயே நின்று உயிரியல் பாடம் பார்க்கலாம். "பிள்ளைகள் போட்டி போட்டு மாட்டுவார்கள்" என்று மனுவில் ஒரு வரி வேறு. அவை வந்த முதல் நாள் எங்கள் முத்தியால்பேட்டைப் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பில் ஒருவர்கூடத் தொடவில்லை.

"தல கலஞ்சிடும் மிஸ்" என்றான் கடைசி பெஞ்ச் அருண். "அடுத்தவங்க தல எண்ணெ ஒட்டும் மிஸ்" என்றார்கள் பெண்கள். துடைக்கப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி வைத்தேன். யாரும் அசையவில்லை. வெள்ளிக்கிழமை கல்வித் துறை அதிகாரி பார்க்க வருவார். ஹெட்செட்டுகள் சும்மா கிடந்தால் எல்லாம் காலாப்பட்டுப் பள்ளிக்குப் போய்விடும். கெஞ்சி வாங்கிய எனக்கு மானப் பிரச்சினை.

வியாழக்கிழமை வகுப்பில் சாஹிதாவிடம் காரணம் கேட்டேன். பிள்ளைகளிடம் அவள் பேச்சுக்குத்தான் மதிப்பு.

"அத மாட்டுனா எங்களுக்கு யாரும் தெரிய மாட்டாங்க மிஸ். ஆனா எல்லாரும் எங்களப் பாப்பாங்க. வாயத் தொறந்துட்டு நிப்போம். யாராச்சும் போன்ல எடுத்துடுவாங்க."

"அப்போ நான் மாட்டுறேன். நீங்க பாருங்க."

மாட்டினேன். வருடக்கணக்கில் போர்டில் வரைந்த இதய வால்வு, கதவு உயரத்துக்குத் திறந்தது. ரத்தம் பாய்ந்து வந்தது. சட்டென்று புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். மழை பெய்தால் எங்கள் தெருவில் அப்படித்தான் நடப்பது.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. "பாத்து மிஸ், வழுக்கும்" என்றான் அருண். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் பாடம் நடத்தியதே இல்லை.

சாஹிதா எழுந்து வந்தாள். "குடுங்க மிஸ். ஆனா ஒரு கண்டிஷன். மாட்டுறவங்கள யாரும் பாக்கக் கூடாது. மத்தவங்க செவுத்தப் பாத்துத் திரும்பிக்கணும்."

மறுநாள் அதிகாரி வந்தபோது, பத்துப் பேர் நடுவில் நின்று "ஐயோ, அம்மாடி" என்று கூவிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"என்னம்மா இது, பனிஷ்மென்டா?"

"இல்ல சார், மரியாத" என்றாள் சாஹிதா.

விஷயத்தைக் கேட்டுச் சிரித்தவர், ஹெட்செட்டுகள் இங்கேயே இருக்கட்டும் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. பிறகு அவரும் ஒன்றைக் கையில் எடுத்தார். மாட்டப் போனவர் நின்று, சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"எல்லாரும் திரும்பிக்குங்கப்பா" என்றார். என்னைப் பார்த்து, "நீங்களும்தான் மேடம்."

கூச்சத்துக்கு வயது கிடையாது என்பதை, இத்தனை வருட சர்வீஸுக்குப் பிறகு, பிள்ளைகளோடு சுவரைப் பார்த்து நின்றபடி கற்றுக்கொண்டேன்.