பதினெட்டுக்குக் கீழ் யாரும் இல்லை

எங்கள் குடும்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. மகளுக்கு அவள் பெயர், அதற்கு முன்னால் என் பெயரின் முதலெழுத்து. அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது, 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் தொந்தரவு என்று யாரோ சொன்னார்கள். ஒற்றை எழுத்தாக ஓரமாய் நின்றிருந்த நான், முழுப்பெயராக உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டேன். பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பெயரின் கைங்கரியம். என் வாயும் கொஞ்சம் ஒத்தாசை செய்தது.

மகளுக்குச் சாயம் பற்றிப் படிக்க ஆசை. துணியில் நிறம் எப்படி ஏறுகிறது, ஏன் வெளுக்கிறது, அந்த வேதியியல். ஆனால் ப்ளஸ் டூவில் அவள் படித்தது காமர்ஸ். காமர்ஸ் படித்த பிள்ளையை நம் ஊரில் எந்த கெமிஸ்ட்ரி வகுப்பும் உள்ளே விடாது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் மட்டும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு வருட ஃபவுண்டேஷன் கோர்ஸ் வைத்திருந்தது. அந்த வருடம் கெமிஸ்ட்ரி, கணக்கு, அவர்கள் எழுதுகிற மாதிரி இங்கிலீஷ். தேறினால் நேராக டிகிரி. நான்கு இடத்துக்கு எழுதிப் போட்டதில் சரி என்றது அது ஒன்றுதான். அந்தக் கதவும் சாத்தினால் பி.காம்.

விண்ணப்பத்தில் போன் நம்பர் என்ற இடத்தில் என் நம்பரைக் கொடுத்தேன். அவள் போனை எப்போதும் சைலண்டில் போட்டு வைப்பாள். பொறுப்பான ஆள் நான்தானே.

எனக்கு வேலை அவிநாசிபாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில். மெர்ச்சன்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் நம் தையல் ஹாலுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் 'நாளைக்கு நிச்சயம்' என்று சொல்வது. இருபத்திரண்டு வருட அனுபவம். எங்கள் பையர்களில் சிலர் தொழிலாளர் நலனுக்கென்று சொந்தமாக ஃபவுண்டேஷன் நடத்துகிறார்கள். ஆடிட் என்று திடீரென்று கூப்பிடுவார்கள், திடீரென்று வருவார்கள். கக்கூஸ் சுத்தமா, ஹாஸ்டலில் வார்டன் உண்டா, முக்கியமாக, பதினெட்டு வயதுக்குக் கீழே யாராவது வேலை செய்கிறார்களா. ஒரு ஆள் மாட்டினால் ஆர்டரே போச்சு. 'அண்டர் எய்ட்டீன்' என்ற சொல் காதில் விழுந்தால் தூக்கத்திலும் எழுந்து நின்று 'நோ சார்' சொல்வேன்.

அன்று மதியம் ஓவர்லாக் மெஷின்கள் நடுவே நிற்கும்போது போன் வந்தது. வெளிநாட்டு நம்பர். ஒரு பெண்குரல் என் பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்றது. முன்னால் 'மிஸ்' போட்டாளோ 'மிஸ்டர்' போட்டாளோ, அந்தச் சத்தத்தில் யார் கண்டது.

"யெஸ் மேடம், ஸ்பீக்கிங்."

ஃபவுண்டேஷனிலிருந்து பேசுகிறாளாம். ஆடிட்தான். எங்கள் ஃபவுண்டேஷன் பற்றி உங்கள் கருத்து என்ன என்றாள்.

"வெரி குட் ஃபவுண்டேஷன் மேடம். வி ஃபுல் சப்போர்ட்."

பிறகு ஏதேதோ சொன்னாள். மெஷின் சத்தத்தைத் தாண்டி இரண்டே சொல் வந்து விழுந்தன: அண்டர் எய்ட்டீன்.

"நோ மேடம்! நோ அண்டர் எய்ட்டீன்! ஆல் அபவ் எய்ட்டீன் ஒன்லி!"

உங்கள் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருக்கிறதே என்றாள். பாஸ்போர்ட் எதற்கு, எல்லோருக்கும் ஆதார் ஜெராக்ஸ் ஃபைலில் இருக்கிறது என்றேன். எங்கே தங்குவீர்கள் என்றாள். லேடீஸ் ஹாஸ்டல் என்றேன்; வார்டன் உண்டு என்றும் சேர்த்தேன். பிறகு, மன்னிக்கவும், உங்கள் பெயரை மறுபடி உறுதிசெய்ய முடியுமா என்றாள். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இதே பெயர்தான் மேடம் என்றேன். மெயில் அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

லைன் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். "என்ன அண்ணாச்சி, இப்படி வேர்த்து நிக்கிய?" என்றார்.

"ஆடிட்டைப் போன்லயே முடிச்சுட்டனுங்க," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

மறுநாள் காலை மகளுக்கு மெயில் வந்தது. விண்ணப்பதாரரின் பெயரில் வேறொருவர் பேசியிருப்பதாகச் சந்தேகம். வயதும் தவறாகச் சொல்லப்பட்டிருக்கிறது. விளக்கம் கிடைக்கும்வரை இடம் நிறுத்திவைக்கப்படுகிறது. நாளை மதியம் இரண்டரை மணிக்கு வீடியோ நேர்காணல். பெற்றோர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

போனில் அழைத்தாள். "அப்பா, நேத்து எனக்கு வந்த போனை யாருப்பா எடுத்தது?"

"செக் பண்ணிச் சொல்றேன் கண்ணு," என்றேன். ஷிப்மென்ட் தவறினால் பையருக்குச் சொல்கிற அதே பதில். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

செக் பண்ண என்ன இருக்கிறது. வீட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டேன். மகள் உள்ளே போனாள். திட்டியிருந்தால் ஏதாவது கோணங்கித்தனமாகச் சொல்லிச் சமாளித்திருப்பேன். திட்டவில்லை. மனைவிதான் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்க பேரு அவ பேருக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு இருக்குதுன்னா, நீங்க அவளாவே ஆயிருவீங்களா?"

"சத்தத்துல கேக்கலை..."

"அவ காமர்ஸ் வேண்டாம்னு அழுதப்ப எந்த மெசினுங்க ஓடுச்சு?"

கம்பெனியில் கணக்குப் பார்க்க நம் பிள்ளை உதவும் என்று காமர்ஸில் சேர்த்தது நான். நேர்காணலில் ஏன் காமர்ஸ் எடுத்தாய் என்று கேட்டால், 'அப்போது எனக்கு அதில் ஆர்வம் இருந்தது' என்று சொல்ல இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்ததும் நான்.

அடுத்த நாள் லீவு போட்டேன். இன்வெர்ட்டரை மூன்று முறை பார்த்தேன். வைஃபை டப்பாவைத் தொட்டுக் கும்பிட்டேன். பக்கத்து வீட்டில் மோட்டார் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மோட்டாருக்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. லேப்டாப்புக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு என்னை உட்கார வைத்தாள் மனைவி. "வாயத் தொறக்கப்படாது" என்பது உத்தரவு. எனக்குத் திரை தெரியாது. மகளின் முகம் மட்டும் தெரியும்.

குரல் கேட்டதும் தெரிந்துவிட்டது. அதே பெண். பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னாள். பிறந்த தேதி கேட்டாள். பிறகு மூன்றாவதாகவே கேட்டுவிட்டாள்: பள்ளியில் ஏன் காமர்ஸ் எடுத்தாய்?

மகள் வாயைத் திறந்தாள். மூடினாள். லேப்டாப்புக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அந்த வாக்கியம் அவளுக்கு மறக்கவில்லை; எனக்கே மனப்பாடம், அவளுக்கு எப்படி மறக்கும். சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. மனைவி என் தோளை அழுத்தினாள்.

நான் எழுந்து கேமரா முன்னால் போனேன். "மேடம், ஐயாம் தி ஃபாதர். காமர்ஸ் மை டிசிஷன். ஷி செட் நோ."

"இந்தக் குரல்தான்," என்றாள் அந்தப் பெண். அவள் சிரிக்கவில்லை.

உளறிக் கொட்டினேன். பனியன் கம்பெனி, ஆடிட், ஃபவுண்டேஷன், அண்டர் எய்ட்டீன், என் பெயர் அவள் சர்நேமாக இருப்பது எல்லாம். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வெளிநாட்டுக்காரரிடம் 'நாளைக்கு நிச்சயம்' என்று சொல்லாமல் பேசி முடித்தேன். நன்றி, குறித்துக்கொண்டேன், இனி அவளுடன் தனியாகப் பேச வேண்டும், தயவுசெய்து வெளியே போங்கள் என்றாள்.

சமையலறையில் நின்றோம். கதவு வழியாக மகளின் குரல் மட்டும் வந்தது. முதலில் தயங்கி, பிறகு வேகமாக. ஒரே லாட், ஒரே சாயம், ஆனால் இரண்டு துணி இரண்டு ஷேடாக வருவது ஏன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீரின் உப்பாக இருக்கலாம், உறுதியாகத் தெரியவில்லை, அதைத்தான் படிக்க வேண்டும் என்றாள். ஷேடு மாறிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாயப்பட்டறைக்காரரைத் திட்டிக்கொண்டே மேசைமேல் எறிவது என் வழக்கம். யார் எடுத்து வைத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"வெசனப்படாதீங்க," என்றாள் மனைவி. அவள் கையில் ஒரு கரண்டி வெகுநேரமாகச் சும்மா இருந்தது.

முடிவு வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் நான் ஒரு பையருக்குத் தவறான அளவில் சாம்பிள் அனுப்பினேன், இரண்டு முறை வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டேன், போன் அடித்தபோதெல்லாம் எடுக்காமல் வெறித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாலை மகள் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். நிறுத்திவைப்பு நீங்கியது. இடம் உண்டு. இனி மாணவியின் சொந்த எண்ணைக் கொடுக்கவும் என்று ஒரு வரி. மாணவிக்குப் பதினெட்டு நிறையாததால், பெற்றோர் கையெழுத்திட ஒரு படிவமும் இருந்தது.

பிரின்ட் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, என் பெயர் அச்சாகியிருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, அது ஸ்டூடன்ட் போடற எடம்."

பார்த்தேன். ஆமாம்.

"பேசாம நீங்களே போயிட்டு வந்துருங்க. அங்கயும் லேடீஸ் ஹாஸ்டல் இருக்குதாம், வார்டன் உண்டு."

இன்னொரு பிரின்ட் எடுத்தேன். இந்த முறை அவளை முதலில் போடச் சொன்னேன்.