இடுப்பில் இரும்பு இல்லாமல்

யுத்தம் முடிந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மதுரையில் ஒரு பஞ்சாலை ஆபீஸில் நான் குமாஸ்தா. என் அண்ணன் கொழும்பில் கடை வைத்திருந்தார். அவருக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு. நாலைந்து மாதமாக, 'ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போடா' என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு கடிதத்துக்குக்கூட நான் பதில் எழுதாமல் இருந்ததில்லை. போகத்தான் இல்லை.

காரணம் கேவலமானது. அதற்கு முன் ஒரே ஒரு தடவை தனுஷ்கோடியில் கப்பல் ஏறியிருந்தேன். தலைமன்னார் போய்ச் சேருவதற்குள் முந்தின நாள் தின்றது, அதற்கு முந்தின நாள் தின்றது எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். கடல் வேண்டாமென்று தள்ளிய கொஞ்சம் ஒரு துரையின் பூட்ஸில் விழுந்தது. இந்தக் கதையை அண்ணன் கடைக்கு வருகிற ஆளுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். அதை மனதில் வைத்துக்கொண்டு கடைசிக் கடிதத்தில் இப்படி எழுதினேன்: 'அண்ணே, இனிக் கடல் மார்க்கமாக வருவதாக இல்லை. ஆகாய விமானம் அனுப்பினால் வாரேன்.' எழுதி, நானே படித்துச் சிரித்து, பக்கத்து மேஜைக்காரருக்கும் படித்துக் காட்டி, அவரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் ஸ்டாம்பு ஒட்டினேன்.

விமானம் வந்துவிட்டது. கனத்த ஒரு கவருக்குள், திருச்சியிலிருந்து கொழும்புக்கு வியாழக்கிழமை டிக்கெட்டு. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'விமானம் அனுப்பியிருக்கேன். இனி என்ன சாக்குச் சொல்லுவ? வா.' எழுத்து கோணல் மாணலாக இருந்தது. படுத்துக்கொண்டே எழுதியிருப்பார் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. ஆகாயத்தில் பறக்கப்போகிற மிதப்பில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்து, சட்டைப் பையிலும் இடுப்பிலும் என்னென்ன கருவி கொண்டுபோகலாம் என்று பரப்பி வைத்தேன். ஆபீஸில் பென்சில் சீவுகிற மடக்குக்கத்தி, பாக்குவெட்டி, காது குடைகிற குச்சியும் முள்வாங்கியும் ஒரே வளையத்தில் கோத்தது, ஒரு சின்னத் திருப்புளி. எல்லாம் சேர்ந்து கால் வீசைக்குமேல் இருக்கும். என் மனைவி வந்து நின்று பார்த்தாள்.

"முள்வாங்கி எதுக்கு? ஆகாசத்துல கருவமுள்ளா கெடக்கு?"

"எறங்குற எடத்துல கெடந்தா?"

"சரி, திருப்புளி?"

"வழியில ஏதாச்சும் கழண்டுச்சுன்னா?"

"ஆமா, நீங்க கைய வச்சுட்டா அது பறந்துரும். வீட்டுல இருந்த ஒரு கடிகாரம் நீங்க தொறந்த நாள்லேர்ந்து ஓடல."

அவளுடைய தம்பி அங்கேயே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். யுத்த காலத்தில் ஊருக்குத் தெற்கே விமானத் தளம் போட்டபோது லாரியில் சரளைக்கல் அடித்தவன். அந்தத் தகுதியில் எங்கள் குடும்பத்துக்கே ஆகாய சாஸ்திர நிபுணன்.

"மச்சான், இம்புட்டு இரும்பையும் இடுப்புல கட்டிக்கிட்டு ஏறாதீக. விமானத்த ஓட்டுறவன் முன்னால ஒரு முள்ளு இருக்கும். அதப் பாத்துத்தான் தெச புடிப்பான். இரும்பு கிட்டத்துல போனா அது திரும்பிக்கிரும். கொழும்புக்குப் போறோம்னு நெனச்சுக்கிட்டு நீங்க பாட்டுக்கு அரபிக்கடல்ல எறங்குவீக."

"அங்கயும் தண்ணிதானா மாப்ள?" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் அந்த வாரம் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

திங்கட்கிழமை மத்தியானம் ஆபீஸுக்கே தந்தி வந்தது. காலையில் அண்ணன் போய்விட்டார். அன்றைக்கே ரயில் ஏறிக் கப்பல் பிடித்திருந்தாலும் தகனத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. "அவுக அனுப்புனதுலயே போங்க" என்றாள் மனைவி. டிக்கெட்டு வாங்கியவர் இல்லை, டிக்கெட்டு இருந்தது. வியாழக்கிழமை வேறு வரப்போகிறது.

மறுபடியும் பாயில் அதே சாமான்கள். இந்தத் தடவை அவள்தான் பரப்பினாள். அவள் கேலி செய்யவில்லை.

"வாடா வாடான்னு கூப்பிட்டு, வாரதுக்குள்ள போயிட்டாக. ஆசை தீரல. அப்புடிப் போனவுக கூப்பிட்ட ஆளத் தேடித்தான் வருவாக. இடுப்புல இரும்பு இல்லாம நீங்க வாசல் தாண்டக்கூடாது. எதையாச்சும் ஒண்ண வச்சுக்கங்க."

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்வருகிறவர்கள் இரும்புத்துண்டு ஒன்றை மடியில் முடிந்துகொள்வது வழக்கம்தான். நானும் எத்தனையோ தடவை ஆணியைச் செருகிக்கொண்டு போயிருக்கிறேன். அது யாரோ எவரோ செத்த வீடுகளுக்கு. இப்போது வரக்கூடாது என்று நான் தடுக்க வேண்டிய ஆள் என் அண்ணன். நாலு மாதமாகத் தடுத்தது போதாதா?

ஆனாலும் நான் தைரியசாலி இல்லை. மடக்குக்கத்தியை எடுத்துச் சொருகிக்கொண்டேன். 'வரமாட்டார்' என்று நினைத்தால் அதை உருவி எடுத்தேன். 'வருவார்' என்று நினைத்தால் மறுபடி சொருகினேன்.

திருச்சி வரை மச்சினன் கூட வந்தான். விமான நிலையம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு தராசு. முதலில் பெட்டியை நிறுத்தார்கள். அப்புறம் என்னையே ஏறி நிற்கச் சொன்னார்கள். சந்தையில் கோழி நிற்கிற மாதிரி நின்றேன். நிறுத்தவர் நம்ம பக்கத்து ஆள்தான். அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சார், மடியில ஒரு கத்தி இருக்கு. ஓட்டுறவர் முள்ளு திரும்பிருமோ?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்க சீட்டு கடைசியில. ஒங்க பேனாக்கத்திக்கெல்லாம் அது திரும்பாது. பேசாமப் போய் ஏறுங்க."

அவர் 'திரும்பிவிடும்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கத்தியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன், பழி முள்ளின் மேல் விழுந்திருக்கும். இப்போது நான்தான் முடிவு செய்தாக வேண்டும்.

பத்தடி நடந்திருப்பேன். திரும்பி வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற மச்சினன் கையில் கத்தியை வைத்தேன்.

"என்ன மச்சான் இது? அக்கா என்னைக் கொன்னுருவா. இரும்பு இல்லாமயா போறீக?"

"முள்ளு திரும்பிருமாம்ல மாப்ள. சொன்னாரு."

"பாத்தீகளா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்று அவன் நெஞ்சை நிமிர்த்தினான். நான் வேகமாகப் போய் ஏறிக்கொண்டேன்.

இரண்டிரண்டு பேராக உட்கார்கிற ஆசனம். என் பக்கத்து இடம் காலி. ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு உள்பக்கம் உட்கார்ந்தேன். அண்ணனுக்கு ஜன்னல் ஓரம்தான் வேண்டும். சின்ன வயதில் பஸ்ஸில் அதற்காக என்னைக் கிள்ளுவார். ஒருத்தர் தட்டில், காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் பெப்பர்மிண்டும் கொண்டுவந்தார். இரண்டு பெப்பர்மிண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்றைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

விமானம் எழும்பியது. எதிரே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சட்டைக்குள் குளிர் ஏறியது. வந்துவிட்டார் என்று நினைத்தேன். முன்வரிசைக்காரரும் துண்டைப் போர்த்திக்கொண்டார். உயரத்தில் எல்லாருக்கும்தான் குளிரும். 'அண்ணே' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கீழே கடல் வந்தது. என் வயிறு கல் மாதிரி இருந்தது. 'பாரு, வாந்தி எடுக்கல' என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. இருக்கைத் துணி கொஞ்சம் அமுங்கியிருக்கிறதா என்று எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. பெப்பர்மிண்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

கொழும்பு வீட்டில் மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போய் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"இரும்பு எதுவும் வச்சிருந்தீகளா தம்பி?"

"இல்ல மதினி. வேணும்னேதான் வைக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அதுவரை இல்லாத ஏதோ ஒன்று வந்தது. "அப்ப வந்தாகளா? கடைசி ரெண்டு நாளும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாக. கோவத்தோட போயிட்டாகளோன்னுதான் எனக்குச் சோறு எறங்கல."

வாழ்நாளெல்லாம் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டவன் நான். அன்றைக்கு மட்டும் ஒரு பொய் சொல்ல நாக்கு அப்படிக் கனத்தது.

"வந்தாரு மதினி. ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டாரு. கடலக் காமிச்சுக் காமிச்சு என்னையக் கேலி பண்ணிக்கிட்டே வந்தாரு. கோவமெல்லாம் இல்ல."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழுதார். சாயங்காலம் ஒரு பிடி சோறு தின்றார்.

அதற்குப் பிறகு நான் மடியில் ஆணிகூட வைத்துக்கொண்டதில்லை. சாவு வீட்டுக்கும் வெறுங்கையோடுதான் போகிறேன். பென்சில் மழுங்கினால் பக்கத்து மேஜைக்காரரைச் சீவித் தரச் சொல்கிறேன். 'நான் எப்படா வந்தேன், பொய்க்காரப் பயலே' என்று கேட்கவாவது அண்ணன் வரவேண்டும். வழியை மறிக்காமல்தான் வைத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.