கேசட்டின் கடைசியில் மிஞ்சியது

போன வாரம் என் மகள், கைபேசியில் இடமில்லை என்று உட்கார்ந்து வீடியோக்களை அழித்துக்கொண்டிருந்தாள். "இது வேணுமாம்மா? இது?" என்று கேட்பாள், பதில் வருவதற்குள் அழித்திருப்பாள். எனக்கு ஏனோ ஏலக்காயும் பினாயிலும் கலந்த ஒரு வாசனை வந்தது. துபாயில், அல் குசைஸில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருந்த சாகுல் மாமாவின் மளிகைக் கடை வாசனை அது.

நான் சினிமா படித்தவள். சிரிக்காதீர்கள். இரண்டாயிரங்களின் நடுவில், துபாயிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் திரைப்படக் கல்வி. ஊரில் யார் கேட்டாலும் அம்மா, "கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு" என்று சமாளிப்பாள். அது போதாதென்று ஆனர்ஸ் என்று நான்காவது வருடத்துக்கும் அடி போட்டேன். ஒரே ஒரு ஆய்வேடு, அதை வைத்துத்தான் தேர்ச்சி. "பாஸானா போதாதா? அதுக்கு மேல ஆனர்ஸ் வேறயா?" என்றார் அப்பா. பிறகு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "இதுல கோட்டை விட்டேன்னா திருச்சிக்கு டிக்கெட். மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடுவேன்."

வளைகுடாவிலிருந்து நம் ஆட்கள் ஊருக்கு எடுத்தனுப்பும் வீடியோக்கள்தான் என் தலைப்பு. லிஃப்ட், ஃப்ரிட்ஜ், யாருடையதோ ஒரு கார், அதன்மேல் சாய்ந்து கருப்புக் கண்ணாடியோடு ஒரு சிரிப்பு. அடுக்குக் கட்டிலை மட்டும் யாரும் காட்டமாட்டார்கள். லெபனான்காரரான என் பேராசிரியைக்குத் தலைப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. கேசட்டுகளைக் கொண்டுவா என்றார். நானும் ஜம்பமாகக் கிளம்பினேன்.

கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது இல்லையா, கேசட்டிலும் அதே வழக்கம். லீவில் போகிறவர் பெட்டியில் கேசட் ஊருக்குப் போகும். அதிலேயே, பழையதன் மேலேயே பதிலைப் பதிவு செய்து, திரும்பி வருகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். பதில் வந்தால் கேள்வி போச்சு. நான் ஆராய வேண்டிய படங்கள் எல்லாவற்றையும் அன்பாகவே அழித்திருந்தார்கள்.

சாகுல் மாமா கீழக்கரைக்காரர். ஊருக்கு ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு ஹேண்டிகேம் வைத்திருந்தார். ஊரிலிருந்த அவர் மனைவி ஃபாத்திமா மாமியிடமிருந்து அப்போதுதான் கேசட் வந்திருந்தது.

"புதுசா ஒண்ணு வாங்கித் தரேன் மாமா. இத மட்டும் அழிக்காதீங்க."

"இதுதாம்மா போவணும். அவ கைபட்டு வந்ததுல்ல? நீ பொம்பளப் புள்ள, நீ பாக்கலாம். காப்பி கீப்பி எடுக்கப்புடாது. அவ எனக்குன்னு பேசுனது."

மதியம் கடையை மூடும் நேரத்தில், துணைக்கு அம்மாவோடு போனேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே சின்ன டிவி, கேசட்டை ஓட்ட அதில் செருகிய கேமரா. மாமி பேசினார். மாடி ஒழுகுகிறது, மகள் கணக்கில் தேறிவிட்டாள், மீசையை எடுக்காதிய. நான் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தேன். மாமி பேசி முடித்ததும் வழக்கம்போல மாமா கேமராவை நிறுத்தப் போனார்.

"இருங்க மாமா, எழுதிக்கிறேன்."

நான் எழுதும் வரை டேப் சும்மா ஓடியது. கோடு கோடாக ஓடி, திடீரென்று மாமாவே வந்தார், முந்தைய கடிதத்தின் மிச்சமாக. "வைக்கவா, கஸ்டமர் வந்துட்டான்." மறுபடி கோடுகள். அப்புறம் ஒரு சின்னப் பெண், கையில் மருதாணி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். "போதும், நிப்பாட்டுங்கன்னா!" நிறுத்தாமல் சிரிக்கிறாள்.

கல்யாணமான புதிதில் மாமியை மாமாவே எடுத்தது. அந்தக் கேசட்டில் முதன்முதலாகப் பதிந்தது. இருவரும் ஒருநாளும் அவ்வளவு தூரம் பேசியதில்லை, அதனால் தப்பித்திருக்கிறது.

"இத்தன வருஷமா இது இதுக்குள்ளயா இருந்துச்சு?" மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவும்தான். நான் மட்டும், சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆய்வேடு கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் குதித்தேன்.

அதன்பின் கேசட் வந்த வீடெல்லாம் போய், "முடிஞ்சாலும் நிறுத்தாதீங்க, ஓட விடுங்க" என்று கெஞ்சினேன். வால்களாக மிஞ்சியவற்றைப் பற்றியே எழுதினேன். முதல் வகுப்பு வந்தது. அப்பா டிக்கெட் பேச்சை எடுக்கவேயில்லை. ஆபீஸில் மட்டும் "ஆனர்ஸ்" என்று அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மாமாவோ பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர். அன்றிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்தார். "சரி, கலாஸ், முடிச்சுக்கிறேன், மிச்சத்த நேர்ல சொல்றேன்." எங்கே அந்தச் சிரிப்பின் மேல் பேசிவிடுவோமோ என்ற பயம். கடைசிவரை ஓடவிட்டுப் பார் என்று மாமிக்கும் சொல்லியனுப்பினார். அடுத்து வந்த பதிலில் மாமியும் கொஞ்சம்தான் பேசியிருந்தார்.

இப்போது அந்தக் கடை இல்லை. கேசட் சுமந்து போகும் ஆளுமில்லை. மாமா ஊரோடு போய்விட்டார். மகளிடமிருந்து கைபேசியைப் பிடுங்கி அவரை அழைத்தேன்.

"கேசட் இருக்கா மாமா?"

"இருக்கும்மா. போட்டுப் பாக்கத்தான் மிஷினு இல்ல. ரெண்டு கேமராவும் செத்துப்போச்சு."

பின்னாலிருந்து மாமியின் குரல். "நாந்தான் இங்கனயே இருக்கேனே, அதப் போயி எதுக்குத் தேடுறிய?" சொல்லிவிட்டுச் சிரித்தார். அது அந்தச் சிரிப்பு இல்லை. நடுவில் இருமல் வந்துவிட்டது.

பேச்சு முடிந்தும் நான் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் ஓட விட்டேன்.